இடது காலுக்கு ஒரு பாடம்

"கிளட்ச்சை மெதுவா விடுங்க... மெதுவா... மெதுவா..."

விடியற்காலையில் தமிழ்நாட்டின் எந்த ஊருக்குப் போனாலும், கூரைமேல் டிரைவிங் ஸ்கூல் பெயர்ப்பலகையும் முன்னும் பின்னும் சிவப்பு 'எல்' எழுத்துமாக ஒரு கார் ஊர்ந்துகொண்டிருக்கும். அதற்குள்ளே இந்த வாக்கியம் ஓயாமல் ஒலித்துக்கொண்டிருக்கும். சொல்லி முடிப்பதற்குள் வண்டி ஒரு தூக்குத் தூக்கி, குலுங்கி, ஆஃப் ஆகி நிற்கும். "ஆஃப் பண்ணிட்டீங்களே மேடம்... சரி, நியூட்ரல் பண்ணிட்டு மறுபடி ஸ்டார்ட் பண்ணுங்க" என்பார் மாஸ்டர். பின்னால் பால் வண்டிக்காரர் ஹார்ன் அடிப்பார். ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் கைகள் வியர்க்கும்.

மெதுவாக என்றால் எவ்வளவு மெதுவாக? எதுவரை மெதுவாக? முதலில், எதற்காக மெதுவாக? இந்தக் கேள்விகளுக்கு விடை தெரியாமலேயே லைசென்ஸ் வாங்கியவர்கள் நம்மிடையே ஏராளம். லைசென்ஸ் பீரோவுக்குள் பத்திரமாக இருக்கிறது. கார் வாசலில் நிற்கிறது. ஆனால் ஒரு கல்யாணத்துக்குப் போகவேண்டும் என்றால் கணவரையோ தம்பியையோ எதிர்பார்க்கவேண்டும். அவர்களும் இல்லையென்றால் ஆக்டிங் டிரைவருக்கு போன் போடவேண்டும். ஏன் நீங்களே ஓட்டக்கூடாது என்று கேட்டால் "பயமா இருக்கு" என்பார்கள். அந்தப் பயம் பிறவிக் குணமல்ல என்பது என் உறுதியான எண்ணம். காரணம் தெரியாமல் ஒரு செயலைச் செய்யப் பழக்கினால், அது எப்போது தவறும் என்பதும் தெரியாது. தெரியாத இடத்தில்தான் பயம் வந்து உட்காருகிறது. ஆகவே காரணத்திலிருந்து தொடங்குவோம்.

பூஜ்யத்துக்கும் ஆறுக்கும் நடுவே

பெட்ரோலிலோ டீசலிலோ ஓடும் இன்ஜினால் முடியாத காரியம் ஒன்று உண்டு. அதனால் மிக மெதுவாகச் சுற்ற முடியாது. ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் சும்மா ஓடவிட்டாலும் நிமிடத்துக்கு ஏறத்தாழ 800 சுற்று சுற்றிக்கொண்டிருக்கும். அதற்கு மிகவும் கீழே இழுத்தால் நின்றுவிடும். சக்கரமோ அசையாமல் நிற்கிறது. 800 சுற்று சுற்றும் ஒன்றை, சுற்றவே சுற்றாத இன்னொன்றோடு இணைக்கவேண்டும். மேனுவல் கார் ஓட்டுவதில் உள்ள சிரமம் முழுவதும் இந்த ஓர் இடத்தில் இருக்கிறது.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சிறிய கார் ஒன்றில் முதல் கியரையும் டிஃபரன்ஷியலையும் சேர்த்துப் பார்த்தால், இன்ஜின் ஏறத்தாழ 14 முறை சுற்றினால்தான் சக்கரம் ஒருமுறை சுற்றும். அப்படியானால் இன்ஜின் 800 சுற்றில் இருக்கும்போது சக்கரம் நிமிடத்துக்கு 57 முறை சுற்றும். சக்கரம் ஒருமுறை உருண்டால் வண்டி நகரும் தூரம் சுமார் ஒன்றேமுக்கால் மீட்டர். பெருக்கினால் நிமிடத்துக்கு 100 மீட்டர், மணிக்கு 6 கிலோமீட்டர். பஸ்ஸைப் பிடிக்க விரைந்து நடப்பவரின் வேகம்.

இதன் பொருள் என்ன? முதல் கியரில், கிளட்ச்சிலிருந்து காலை முழுவதும் எடுத்துவிட்ட நிலையில், ஆக்ஸிலரேட்டரைத் தொடாமலே அந்தக் கார் சமதரையில் 6 கிலோமீட்டர் வேகத்தில் போகும். அதைவிட மிகக் குறைவாகப் போகச் சொன்னால் திணறி நின்றுவிடும். ஆகவே பூஜ்யத்திலிருந்து ஆறு வரைக்கும் வண்டியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது இன்ஜினால் மட்டும் ஆகிற வேலை இல்லை. அது இடது காலின் வேலை.

உள்ளே நடப்பது இதுதான். இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் கனமான இரும்புச் சக்கரம் ஒன்று இருக்கிறது, ஃப்ளைவீல் என்பார்கள். அதை ஒட்டி, கியர் பாக்ஸோடு இணைந்த கிளட்ச் பிளேட். பின்னாலிருந்து பிரஷர் பிளேட் அதை ஃப்ளைவீலோடு சேர்த்து அழுத்திக்கொண்டிருக்கும். நாம் பெடலை மிதித்தால் அந்த அழுத்தம் விலகி பிளேட் தனியாகிவிடும். இன்ஜின் தன்பாட்டுக்குச் சுற்றும், வண்டி நிற்கும். பெடலை விட விட அழுத்தம் திரும்ப வருகிறது. உள்ளங்கைகள் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, மேல் கையை மட்டும் திருப்பிப் பாருங்கள். லேசாக வைத்தால் மேல் கை வழுக்கிக்கொண்டு போகும். கொஞ்சம் அழுத்தினால் வழுக்கிக்கொண்டே கீழ்க் கையையும் இழுக்கும். இறுக்கி அழுத்தினால் இரண்டும் ஒன்றாகத் திரும்பும். நடுவில் வந்த அந்த 'வழுக்கிக்கொண்டே இழுக்கும்' நிலைதான் நம் மாஸ்டர்கள் சொல்லும் ஹாஃப் கிளட்ச்.

இப்போது 'எதுவரை மெதுவாக' என்பதற்கு விடை கிடைக்கிறது. பெடல் முழுக்க மிதித்த நிலையிலிருந்து மேலே வரும் பாதையில் முதல் பகுதியில் எதுவுமே நடப்பதில்லை. அங்கே மெதுவாக விடுவதால் பயனில்லை. அதன்பின் ஓர் இடத்தில் இன்ஜின் சத்தம் இலேசாகக் கனக்கும், வண்டியின் முகப்பு ஒரு நூல் அசையும், ஸ்டியரிங்கில் ஓர் அதிர்வு வரும். அதுதான் பிடிக்கும் இடம். கால் அங்கே நிற்கவேண்டும். ஒன்றிரண்டு வினாடி அப்படியே நிற்கவேண்டும். அந்த நேரத்தில்தான் வண்டி பூஜ்யத்திலிருந்து ஆறுக்குப் போகிறது. போனபிறகு மிச்சப் பெடலை விட்டுவிடலாம், ஆபத்தில்லை.

புதிதாகப் பழகுகிறவர்களைக் கவனித்தால் ஒன்று தெரியும். அவர்கள் தொடக்கத்தில் மெதுவாகத்தான் விடுகிறார்கள். வண்டி அசைந்ததும் 'அப்பாடா, நகர்ந்துவிட்டது' என்று காலைத் தளர்த்திவிடுகிறார்கள். வண்டி இன்னும் இரண்டு கிலோமீட்டர் வேகத்தில் இருக்க, பிளேட் இறுகிவிடுகிறது. இன்ஜின் நின்றுவிடுகிறது. அவர்களுக்குச் சொல்லவேண்டிய சொல் "மெதுவா" அல்ல, "நிறுத்துங்க". பிடிக்கும் இடத்தில் காலை நிறுத்துங்கள். இந்த ஒரு சொல்லை மாற்றிச் சொன்னாலே பாதிக் குலுக்கல் போய்விடும்.

ஆக்ஸிலரேட்டர் இல்லாமல் ஒரு காலைப்பொழுது

ஆகவே முதல் நாள் பாடம் சாலையில் நடக்கக்கூடாது. ஊருக்கு வெளியே ஒரு சமதரை மைதானம், ஆளில்லாத லே-அவுட் என்று எதுவானாலும் சரி. வலது காலை பிரேக்குக்கு மேலே சும்மா வைத்துக்கொண்டு, ஆக்ஸிலரேட்டரையே தொடாமல், கிளட்ச்சை மட்டும் வைத்து வண்டியை நகர்த்தவேண்டும். நகர்ந்ததும் நிறுத்தவேண்டும். மறுபடி நகர்த்தவேண்டும். இது சலிப்பூட்டும் பயிற்சிதான். ஆனால் கால் கற்றுக்கொள்வது இதில்தான். இப்போதைய பெட்ரோல் கார்களில், இன்ஜின் வேகம் குறையத் தொடங்கினால் கொஞ்சம் கூடுதல் பெட்ரோலை விட்டுத் தாங்கிப்பிடிக்கும் மின்னணுக் கட்டுப்பாடு இருக்கிறது. டீசல் இன்ஜினுக்குக் குறைந்த சுற்றிலேயே இழுவை அதிகம். எதுவானாலும் நிதானமான காலுக்கு வண்டி ஒத்துழைக்கும்.

அதற்கு முன்னால் உட்காருவதைப் பற்றிச் சொல்லவேண்டும். எல்லோரும் அவசரமாகத் தாண்டிப்போகும் விஷயம் இது. கிளட்ச்சை அடிவரை மிதித்தபின்னும் முழங்கால் சற்று மடங்கியே இருக்கவேண்டும். கால் நீட்டி நுனிவிரலால் எட்டி மிதிப்பவருக்குப் பிடிக்கும் இடத்தில் காலை நிறுத்தும் கட்டுப்பாடு வரவே வராது. சீட்டை முன்னால் இழுக்கும் கம்பி சீட்டுக்கு அடியில் இருக்கிறது என்பதைக்கூடக் காட்டாமல் வகுப்பு முடிந்துவிடுகிறது. முன்பு ஓட்டிய ஆறடி இளைஞர் வைத்த இடத்திலேயே சீட் இருக்க, ஐந்தடிப் பெண் அதில் உட்கார்ந்து "எனக்கு வராது போல" என்று மனம் விட்டுப்போகிறார். உயரம் போதாவிட்டால் வழுக்காத கெட்டியான குஷன் ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம். காலில் அடிப்பாகம் மெல்லியதாகவும் பின்னால் வார் வைத்ததாகவும் செருப்பு இருக்கட்டும். கழன்று பெடலுக்கு அடியில் போய்ச் சிக்கும் ரப்பர் செருப்பு வேண்டாம். புடவை கட்டுபவர்கள் கொசுவம் பெடலில் மாட்டாமல் ஒதுக்கிக்கொண்டு, ஒருமுறை மூன்று பெடலையும் மிதித்துப் பார்த்துவிட்டுக் கிளம்பவேண்டும்.

மாஸ்டர் காலில் ஓடும் வண்டி

டிரைவிங் ஸ்கூல் காரில் இடதுபக்க சீட்டுக்கு முன்னாலும் பிரேக்கும் கிளட்ச்சும் இருக்கும். இது சட்டம் கேட்பது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, பயிற்சி வாகனத்தில் இரட்டைக் கட்டுப்பாடு கட்டாயம் என்கின்றன. உயிர் காக்கும் ஏற்பாடு, சந்தேகமில்லை. ஆனால் அந்த இரண்டாவது கிளட்ச் நாள் முழுக்க வேலை செய்தால் என்ன ஆகும்?

பல ஊர்களில் நடப்பது இதுதான். வண்டி ஆஃப் ஆனால் நேரம் வீணாகும், பின்னால் வருகிறவர்கள் திட்டுவார்கள், அடுத்த மாணவர் காத்திருக்கிறார். அதனால் மாஸ்டர் தன் காலிலேயே கிளட்ச்சை வைத்துக்கொள்கிறார். கற்பவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பார், அவ்வளவே. கியர் போடும் நேரத்தில் தன் காலும் பெடலில் இருப்பதால், தானே செய்வதாக நினைத்துக்கொள்வார். "நல்லா ஓட்டுறீங்க மேடம்" என்று பாராட்டும் கிடைக்கும். சில வாரம் கழித்துத் தன் வீட்டுக் காரில் ஏறினால், அங்கே ஒரே ஒரு கிளட்ச்தான். கேட்டைத் தாண்டுவதற்குள் வண்டி நாலு முறை நிற்கும். அக்கம்பக்கம் பார்க்கும். அதோடு சாவி ஆணிக்குப் போய்விடும்.

மாஸ்டர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காலையிலிருந்து இரவுவரை மற்றவர்களின் குலுக்கலைத் தாங்குகிற, முதுகெலும்பு தேயும் வேலை அது. பொறுமையோடு சொல்லித்தருகிற அருமையான மாஸ்டர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கோளாறு ஏற்பாட்டில் இருக்கிறது. அதே விதிகள் இன்னொன்றும் சொல்கின்றன. சொந்த உபயோக வாகனத்துக்கான பயிற்சி 21 நாளுக்குக் குறையக்கூடாது. அதில் கற்பவர் உண்மையாக ஓட்டும் நேரம் 10 மணிக்குக் குறையக்கூடாது. கணக்குப் பார்த்தால் நாளொன்றுக்கு ஏறக்குறைய அரைமணி நேரம், ஒருவருக்கு. அந்த அரைமணி வகுப்பில் மூன்று பேரை ஏற்றி, ஆளுக்குப் பத்து நிமிடம் பிரித்துக் கொடுத்தால், 21 நாள் முடிவில் கையில் இருப்பது மூன்றரை மணி நேரம். அதிலும் கிளட்ச் மாஸ்டருடையது.

லைசென்ஸ் தேர்வு என்ன எதிர்பார்க்கிறது என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். 15ஆம் விதி நீளமான பட்டியல் ஒன்றைத் தருகிறது. வண்டியை நேராகவும் கோணமாகவும் சீராகக் கிளப்பி, எல்லா கியரும் போட்டு உச்ச கியர் வரை கொண்டுபோகத் தெரியவேண்டும். நெரிசல் வந்தால் சட்டென்று கீழ் கியருக்கு மாற்றத் தெரியவேண்டும். இறக்கத்தில் கீழ் கியருக்கு வரத் தெரியவேண்டும். செங்குத்தான ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை முறையாகப் பயன்படுத்தி, பின்னால் ஓர் அங்குலமும் உருளாமல் திரும்பக் கிளப்பத் தெரியவேண்டும். எழுதியவர்கள் தெரிந்துதான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் தேர்வு நடக்கும் இடத்தில் ஏற்றம் வேண்டாமா? சமதரையில் முதல் கியரில் கிளம்பி, இரண்டாவது போட்டு, ஒரு வளைவு திரும்பி வந்து நிறுத்தினால் கையெழுத்து விழுகிறது என்றால், பட்டியலில் பாதி காகிதத்தோடு நின்றுவிடுகிறது.

காதால் கற்கும் கியர்

கிளட்ச் பிடிபட்டபின் கியர் மாற்றுவது பெரிய வித்தையல்ல. நம் தாத்தா காலத்தில் அது உண்மையிலேயே வித்தையாக இருந்தது. பழைய வண்டிகளில் கியர்ப் பற்கள் ஒன்றோடொன்று இசையும் வேகத்துக்கு வந்தால்தான் கியர் விழும். இரண்டு முறை கிளட்ச் மிதித்து, நடுவில் ஆக்ஸிலரேட்டரைத் தட்டி, காதால் வேகத்தைக் கணித்து மாற்றுவார்கள். 1928இல் அமெரிக்காவின் காடிலாக் நிறுவனம் சின்க்ரோமெஷ் கியர் பாக்ஸைக் கொண்டுவந்தது. பற்கள் சேர்வதற்கு முன்பே உராய்வினால் இரண்டின் வேகத்தையும் சமன்செய்துவிடும் அமைப்பு அது. இருந்தாலும் நம் பழைய அம்பாசடரின் முதல் கியருக்கு அந்த வசதி இல்லை. வண்டி நின்றபிறகுதான் முதல் கியர் அமைதியாக விழும். ஸ்டியரிங் கம்பத்தின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்த அந்த கியர் தண்டைப் பிடித்துக் கற்றவர்களுக்கு, 1983இல் வந்த மாருதி 800 விளையாட்டுப் பொருளாகத் தெரிந்ததில் ஆச்சரியமில்லை. பின்னால் தலைமுறை தலைமுறையாக நம் டிரைவிங் ஸ்கூல்களில் ஆசானாக இருந்ததும் அந்தச் சின்ன வண்டிதான்.

இன்றைய கார்களிலும் அந்தப் பழைய குணத்தின் மிச்சம் ஒன்று உண்டு. பல வண்டிகளில் ரிவர்ஸ் கியருக்கு சின்க்ரோமெஷ் கிடையாது. வண்டி முன்னால் உருண்டுகொண்டிருக்கும்போதே ரிவர்ஸ் போட்டால் 'கர்ர்ர்' என்று பல் உரசும் சத்தம் கேட்பது இதனால்தான். முழுக்க நின்று, கிளட்ச்சை அடிவரை மிதித்து, ஓரிரு வினாடி பொறுத்துப் போட்டால் சத்தமே இருக்காது.

எந்த வேகத்தில் எந்த கியர் என்று அட்டவணையை மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். முதல் சில நாளைக்கு அது ஊன்றுகோல்தான், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். சிறிய காரில் இருபதையொட்டி இரண்டாவது, முப்பதைத் தாண்டி மூன்றாவது என்பதுபோல ஒரு குத்துமதிப்பு இருக்கலாம். ஆனால் ஸ்பீடோமீட்டரைப் பார்க்கும் கண் சாலையைப் பார்க்காது. வண்டி தானே சொல்லும். மேல் கியருக்குத் தவித்தால் கத்தும்; கீழ் கியருக்குத் தவித்தால் முக்கும், உடம்பெல்லாம் அதிரும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தும் இழுக்கவில்லையென்றால் ஒரு கியர் இறக்கவேண்டும். பாட்டை அணைத்துவிட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஒரு வாரம் இன்ஜின் சத்தத்தை மட்டும் கேட்டு ஓட்டிப் பாருங்கள். கை தானாக கியருக்குப் போகும்.

இன்னொரு பழக்கம் வேரோடு பிடுங்கவேண்டியது. பிரேக் போடவேண்டும் என்றால் முதலில் கிளட்ச்சை மிதித்துவிடுவது. வண்டி ஆஃப் ஆகிவிடுமோ என்ற பயத்தில் வரும் பழக்கம் இது. கிளட்ச்சை மிதித்த அந்த நொடியில் சக்கரத்துக்கும் இன்ஜினுக்கும் உறவு அறுந்துபோகிறது. கியரில் இருக்கும் இன்ஜின் வண்டியைப் பிடித்து இழுத்து வேகத்தைக் குறைக்கும் வேலையைச் செய்துகொண்டிருந்தது; அது போய்விடுகிறது. முதலில் பிரேக். வேகம் நன்றாகக் குறைந்து இன்ஜின் திணறப்போகும் தருணத்தில் கிளட்ச். உயிருக்கே ஆபத்தான அவசரத்தில் மட்டும் இரண்டையும் சேர்த்து மிதித்தால் தவறில்லை.

கல்லட்டியில் தெரியும் கல்வி

இந்தக் கல்வியின் உண்மையான தேர்வு மலையில். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40. கொல்லிமலைக்கு 70. விடுமுறை வந்தால் சமவெளியில் மட்டுமே ஓட்டிப் பழகியவர்களும் குடும்பத்தோடு இந்தப் பாதைகளில் ஏறுகிறார்கள்.

ஏறுவதைவிட இறங்குவதுதான் கடினம். நான்காவது கியரில், அல்லது அதைவிட மோசமாக நியூட்ரலில், பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே இறங்கினால் பிரேக் பேட் சூடேறும். சூடு ஏற ஏறப் பிடிப்பு குறையும். பிரேக் எண்ணெயே கொதிக்கும் நிலை வந்தால் பெடல் மெத்தென்று அடிவரை போகும், வண்டி நிற்காது. "பிரேக் ஃபெயிலியர்" என்று செய்தியில் படிக்கிறோமே, மலைப்பாதையில் அதில் பலவற்றுக்கு மூலகாரணம் தவறான கியர்தான். எந்த கியரில் ஒரு ஏற்றத்தை ஏறுவோமோ அந்த கியரில்தான் அதை இறங்கவேண்டும் என்று பழைய லாரி டிரைவர்கள் சொல்வதில் ஆழ்ந்த ஞானம் இருக்கிறது. இரண்டாவது கியரில் போட்டு, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால் சக்கரம் இன்ஜினைச் சுற்றவைக்கவேண்டியிருக்கிறது. அந்தச் சுமையே வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. பிரேக்குக்கு வளைவில் மட்டும் வேலை.

நியூட்ரலில் இறக்கினால் பெட்ரோல் மிச்சமாகும் என்ற நம்பிக்கை இன்னும் நம் ஊரில் சாகவில்லை. கார்புரேட்டர் காலத்தோடு அது முடிந்துவிட்டது. இப்போதைய வண்டிகளில் கியரில் இருந்தபடி ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டு இறங்கினால், இன்ஜினுக்கு எரிபொருள் போவதையே மின்னணுக் கட்டுப்பாடு நிறுத்திவிடும். சக்கரமே இன்ஜினைச் சுற்றிக்கொண்டிருக்கும். நியூட்ரல் போட்டால்தான் இன்ஜின் நின்றுவிடாமல் இருக்க பெட்ரோல் எரியும். ஆக, நியூட்ரலில் இறங்குபவர் உயிரையும் பணயம் வைக்கிறார், பெட்ரோலையும் செலவழிக்கிறார்.

ஏற்றத்தில் நின்று கிளம்புவதற்கு மலைக்குப் போகவேண்டியதில்லை. மாலை ஆறு மணிக்கு சென்னை கத்திப்பாரா மேம்பாலத்தில் ஏறினால் போதும். முன்னால் நெரிசல், பின்னால் ஒரு பைக் பம்பரை உரசிக்கொண்டு நிற்கும். முறை எளிது. நின்றதும் ஹேண்ட் பிரேக்கை முழுக்க இழுங்கள். கிளம்பும்போது முதல் கியர், கொஞ்சம் ஆக்ஸிலரேட்டர், கிளட்ச் பிடிக்கும் இடம்வரை. வண்டியின் பின்பக்கம் சற்றுத் தாழ்ந்து, முகப்பு நிமிரும். இப்போது ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். வண்டி முன்னால்தான் போகும், வேறு வழி அதற்குக் கிடையாது. இதைச் செய்யத் தெரியாமல் ஹாஃப் கிளட்ச்சிலேயே வண்டியை ஏற்றத்தில் தாங்கி நிறுத்தி வைப்பவர்கள், பிளேட் கருகும் வாசனையைத் தாங்களே உண்டாக்கிக்கொள்கிறார்கள். ஹாஃப் கிளட்ச் கடந்துபோவதற்கான இடம், தங்குவதற்கான இடமல்ல. புதிய கார்கள் பலவற்றில் ஏற்றத்தில் சில வினாடி பிரேக்கைத் தானே பிடித்துக்கொள்ளும் வசதி வந்துவிட்டது. நல்லதுதான். ஆனாலும் ஹேண்ட் பிரேக் முறையைக் கற்றுவைத்திருப்பவர் எந்த வண்டியையும் ஓட்டுவார்.

ஒரு வார்த்தை, மலைச் சாலை மரியாதை பற்றி. குறுகலான இடத்தில் மேலே ஏறிவரும் வண்டிக்கு இறங்குபவர்தான் வழிவிடவேண்டும். இது பெருந்தன்மை அல்ல, விதி. ஏறும் வண்டி நின்றால் திரும்பக் கிளம்புவது எவ்வளவு பாடு என்று கிளட்ச்சைக் கற்றவருக்குத் தெரியும்.

ஆட்டோமேட்டிக் வந்துவிட்டதே?

இவ்வளவு பாடு எதற்கு, ஆட்டோமேட்டிக் வாங்கிக்கொண்டால் போகிறது என்ற கேள்வி நியாயமானது. 2014இல் மாருதி செலரியோ ஏ.எம்.டி. கியரோடு வந்தபின், ஆட்டோமேட்டிக் என்பது பணக்காரர் வீட்டுச் சமாச்சாரம் என்ற நிலை மாறிவிட்டது. ஏ.எம்.டி.யின் உள்ளே இருப்பதும் அதே கிளட்ச், அதே கியர் பாக்ஸ்தான். மிதிக்கும் வேலையை மட்டும் இயந்திரம் பார்த்துக்கொள்கிறது. மின்சாரக் கார்களில் கிளட்ச்சே கிடையாது. மின்மோட்டார் பூஜ்யத்திலிருந்தே இழுக்கும் என்பதால், நாம் மேலே பார்த்த அந்த ஆறு கிலோமீட்டர் பிரச்சினை அதற்கு இல்லை.

முழங்கால் வலி உள்ளவர்கள், அறுபதைத் தாண்டிக் கற்க வருபவர்கள், நாள்தோறும் நெரிசலில் இரண்டு மணி நேரம் நகர்கிறவர்கள் தாராளமாக ஆட்டோமேட்டிக் ஓட்டட்டும். அதில் எந்தக் குறைவும் இல்லை. ஆனால் 18 வயதில் கற்க வரும் பிள்ளைகள் மேனுவலில்தான் கற்கவேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வேன். நம் சாலைகளில் ஓடும் கார்களில் பெரும்பாலானவை இன்னும் மேனுவல். செகண்ட் ஹேண்டில் குறைந்த விலைக்குக் கிடைப்பதும் அதுவே. நள்ளிரவில் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு நெஞ்சுவலி என்றால், அங்கே நிற்கும் வண்டி எதுவோ அதை ஓட்டத் தெரியவேண்டும்.

வேலை வாய்ப்பும் இதில் இருக்கிறது. இலகு ரக வாகன லைசென்ஸ் வைத்திருப்பவர், மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியையும் வாடகை வண்டியையும் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. காய்கறி ஏற்றும் குட்டியானை முதல் சிறிய லாரிவரை இதில் அடங்கும். அந்த வண்டிகளில் கிட்டத்தட்ட எல்லாமே கிளட்ச் மிதித்து ஓட்டுபவை.

இங்கேதான் ஒரு கவலையும் எழுகிறது. பிரிட்டனில் ஆட்டோமேட்டிக் காரில் ஓட்டிக்காட்டித் தேறியவருக்கு ஆட்டோமேட்டிக் மட்டும் ஓட்டுவதற்கான லைசென்ஸ்தான் கிடைக்கும். ஜப்பானிலும் 1991 முதல் அப்படி ஒரு பிரிவு உண்டு. நம் கார் லைசென்ஸில் அந்தப் பிரிவினை இல்லை. வாழ்க்கையில் ஒருநாளும் கிளட்ச் மிதிக்காதவரும் நாளைக் காலையில் சட்டப்படி ஒரு சரக்கு வண்டியை எடுத்துக்கொண்டு மலையில் இறங்கலாம். சட்டம் பார்க்காத இடத்தை நாம்தான் பார்த்துக்கொள்ளவேண்டும்.

"பொம்பளைங்களுக்கு கியர் வண்டி சரிப்படாது" என்று சொல்பவர்களுக்கு ஒரே பதில் போதும். நாகர்கோவிலில் வசந்தகுமாரி அரசு பஸ்ஸின் ஸ்டியரிங்கைப் பிடித்தது 1993இல். பஸ் கிளட்ச்சின் கனத்தோடு ஒப்பிட்டால் கார் கிளட்ச் ஒன்றுமேயில்லை. தேவைப்படுவது பலம் அல்ல. பழகுவதற்குப் போதுமான நேரமும், திட்டாத ஒரு பக்கத்து சீட்டும்.

அந்தப் பக்கத்து சீட்டில் யார் உட்காருவது என்பதிலும் கவனம் வேண்டும். எல்.எல்.ஆர். எனும் பழகுநர் லைசென்ஸ் ஆறு மாதம் செல்லும். வாங்கி 30 நாள் கழித்துத் தேர்வுக்குப் போகலாம். அதுவரை, கற்றுக்கொடுக்கும் நிலையில் லைசென்ஸ் உள்ள ஒருவர் பக்கத்தில் இருந்தே ஆகவேண்டும். கணவரோ அப்பாவோ உட்கார்ந்தால் அவர்கள் கை ஹேண்ட் பிரேக் பக்கத்தில் இருக்கட்டும், குரல் உயராமல் இருக்கட்டும். வண்டி ஆஃப் ஆனால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது. பின்னால் நிற்பவரும் ஒருகாலத்தில் இப்படி நின்றவர்தான்.

கற்கப்போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். டிரைவிங் ஸ்கூலில் பணம் கட்டுவதற்கு முன் சில கேள்விகளைக் கேளுங்கள். ஒரு வகுப்பில் எத்தனை பேர்? முதல் சில நாள் மைதானத்தில் கிளட்ச் பழக விடுவீர்களா? ஏற்றத்தில் நிறுத்திக் கிளப்பக் கற்றுத்தருவீர்களா? மாஸ்டரிடம் மரியாதையோடு சொல்லுங்கள்: "சார், வண்டி நின்னா நிக்கட்டும். ஆபத்துன்னா மட்டும் உங்க கிளட்ச்சை மிதிங்க." ஒவ்வொரு மாணவரும் எந்தத் தேதியில் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை ஓட்டினார் என்று படிவம் 15இல் பதிவு வைத்திருக்கவேண்டியது பயிற்சிப் பள்ளியின் கடமை. அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். நீங்கள் உண்மையாக ஓட்டிய நேரம் எவ்வளவோ அது மட்டும் அதில் இருக்கட்டும். 10 மணி நேரம் நிறையாமல் தேர்வுக்குப் போகாதீர்கள்.